முருகையாவின் மடியில் இருந்த பை

செல்வம் எங்கள் நீதிமன்றத்துக்கு மொழிபெயர்ப்பாளராக வந்த முதல் நாளே எனக்கு அவனைப் பிடிக்கவில்லை. கண்டிக்குப் பக்கத்து நீதவான் நீதிமன்றம் ஒன்றில் பன்னிரண்டு வருடமாகத் தமிழுக்கு நான் ஒருவன்தான். நான் யாழ்ப்பாணத்தான், புத்தகத்தில் படித்த சிங்களம். அவன் அம்பிட்டியப் பக்கத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன். விளையாடிப் பழகிய சிங்களம்.

அது யுத்த காலம். அவசரகாலச் சட்டத்தில் பிடிபட்டு வருகிறவர்களில் அநேகர் தமிழர். வழக்கோ சிங்களத்தில் நடக்கும். அவர்கள் சொல்வதை நாங்கள் சிங்களத்தில் சொல்ல, கிளார்க் எழுதுவார். எழுதியதைத் தமிழில் வாசித்துக் காட்டி, திருத்தம் உண்டா என்று கேட்ட பிறகுதான் கையெழுத்து. சட்டம் அப்படி. வாசித்துக் காட்டுவதை நான் எப்போதோ விட்டுவிட்டேன். பத்து வசனத்தை ஒன்றாக்குவது என் கெட்டித்தனம் என்ற நினைப்பு. செல்வம் முழுவதையும் சொல்வான், முழுவதையும் வாசிப்பான்.

ஒருநாள் நீதவான் எல்லோருக்கும் முன்னால், "செல்வம் வந்த பிறகுதான் இந்தச் சனங்கள் பேசுவது எனக்குக் கேட்கிறது" என்றார். எனக்கு வயிறு எரிந்தது.

அவன் லீவில் போன நாளில், நான் யாரென்று காட்ட நினைத்தேன். மத்தியானத்துக்குள் அத்தனை தமிழ் வழக்கையும் முடித்தேன். அதில் ஒன்று முருகையாவுடையது. பிலிமத்தலாவைக் கடையொன்றில் மூட்டை தூக்குகிறவர். பஸ்ஸில் அவர் மடியில் இருந்த பைக்குள் இராணுவச் சீருடைத் துணி; அந்தக் காலத்தில் அதை வைத்திருப்பதே குற்றம். நெடுநேரம் ஏதோ சொன்னார். "பை என்னிடம்தான் இருந்தது" என்று ஒரே வசனத்தில் முடித்தேன். கையெழுத்து வைத்தார். பதினான்கு நாள் விளக்கமறியல் என்று சிறைக்கு அனுப்பினார்கள்.

வழக்கு மறுபடி எடுக்கப்படும் அடுத்த தவணையன்று காலை செல்வம் கோப்போடு வந்தான்.

"அண்ணே, முருகையா இவ்வளவுதான் சொன்னாரா?"

"ஓம். ஏன் கேக்கிறீர்?"

"அவரு சம்சாரம் வெளியில நிக்குது. நின்னுக்கிட்டு வந்த ஒரு ஆளோட பைய வாங்கி மடியில வச்சேன்னு அன்னிக்கே சொன்னாராம்."

பஸ்ஸில் உட்கார்ந்திருப்பவர் நிற்பவரின் பையை வாங்கி வைப்பது நம் நாட்டில் எல்லோரும் யோசிக்காமல் செய்வது. நானே எத்தனை பை வாங்கியிருப்பேன். முருகையா சொன்னது எனக்கு அன்றே கேட்டிருந்தது. சுருக்குகிற அவசரத்தில் விட்டுவிட்டேன்.

வழக்கைக் கூப்பிட்டதும் நான் எழுந்து, வாசித்துக் காட்டாமல் கையெழுத்து வாங்கியதை நீதவானிடம் சொன்னேன். மனச்சாட்சி உறுத்தியது என்று எழுத ஆசைதான். உண்மையில், செல்வம் முந்திக்கொண்டு இதற்கும் பெயர் வாங்கிவிடுவானே என்ற பயம்தான் என்னை எழுப்பியது.

நீதவான் என்னைத் திட்டிய திட்டைச் சபை முழுவதும் கேட்டது. அங்கேயே வாசிக்கச் சொன்னார். வாசித்தேன்.

"நான் அப்படிச் சொல்லலீங்களே, ஐயா" என்ற முருகையா, பை மடிக்கு வந்த கதையை மறுபடி முழுதாகச் சொன்னார்.

பஸ் கண்டக்டரை விசாரித்தார்கள். முருகையா சொன்னதையே அவரும் சொன்னார். அடுத்த தவணையில் விடுதலை.

முருகையாவின் மனைவி வாசலில் என் காலில் விழப் போனாள். "நீங்கதாங்க காப்பாத்துனீங்க." பக்கத்தில் செல்வம் நின்றான். நடந்ததை அவன் ஒரு வார்த்தையில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

அதன்பின் ஓய்வு பெறும்வரை ஒவ்வொரு வாக்குமூலத்தையும் வாசித்துக் காட்டித்தான் கையெழுத்து வாங்கினேன். இந்த வேலைக்கு வருகிறவர்களும் அதை விட்டுவிட வேண்டாம். அன்று வாசலில் செல்வம் பேசாமல் நின்றானே, அதில் மட்டும் எனக்கு இன்னும் பொறாமைதான்.