மோட்டார் ரூம் சாவி

என் அம்மா ஓரகடத்துக் கம்பெனியில் உதிரிபாகங்களைப் பார்த்து ‘ஓகே’, ‘ரிஜெக்ட்’ என்று பிரிக்கிற வேலையில் இருந்தாள். அதில் எனக்குத் தனிக் கர்வம். போன மாதம் அம்மா போய்விட்டாள். கர்வம் மட்டும் போகவில்லை.

நான் நாலாவது படிக்கும்போது எங்கள் நிலத்தில் வேர்க்கடலை. “இந்த வாட்டியும் போச்சுன்னா பிளாட்டு போடக் குடுத்துடறேன்” என்று அப்பா சொல்லியிருந்தார். அம்மாவுக்கு நிலத்தை விட மனசில்லை. கடலை பிடுங்கும் நாள் நெருங்கியது. இன்னொரு தண்ணீர் விடணும், மண் இறுகினால் காய் மண்ணிலேயே தங்கிவிடும் என்றார் அப்பா. முற்றின காய் ஈரத்தில் கிடந்தால் உள்ளேயே முளைத்துவிடும் என்றாள் அம்மா.

அப்பா பார்த்தது வாய்க்கால் ஓரத்துச் செடிகளை. அங்கே எப்போதும் பச்சைதான். அம்மா ஷிஃப்ட் முடிந்து வந்து, யூனிஃபார்மைக்கூட மாற்றாமல், நாலு மூலையிலும் நடுவிலும் செடிகளைப் பிடுங்கி வந்தாள். காயை உடைத்துப் பார்த்தால், ஓட்டின் உள்பக்கம் கறுத்திருப்பது முற்றியது. வெள்ளையாக இருப்பது பிஞ்சு. பிரித்தது நான்.

அடுத்த நிலத்துச் சித்தப்பா சிரித்தார். “இன்னா அண்ணி, கடலையையும் லைன்ல வுட்டுட்டீங்க?”

“இருங்க, அடுத்தது நீங்கதான். பாக்காமயே சொல்றேன், ரிஜெக்ட்டு.”

கறுப்புக் குவியல்தான் பெரிதாக இருந்தது. “தண்ணி போதும்மா” என்றேன், பெரிய சூப்பர்வைசர் மாதிரி. அம்மா மோட்டார் ரூம் சாவியைக் கயிற்றில் கோத்து என் கழுத்தில் மாட்டினாள்.

“புடுங்கற வரிக்கும் யாருக்கும் குடுக்காத. நானே கேட்டாலும் குடுக்காத.”

இலைகள் மஞ்சளாகின. அப்பா பரோட்டா வாங்கித் தருவதாகக் கெஞ்சிப் பார்த்தார். குளிக்கும்போதுகூட நான் சாவியைக் கழற்றவில்லை. ஒரு காலையில் கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்பிய அம்மாவே, “குடு கண்ணு” என்று என் கழுத்துப் பக்கம் கை நீட்டினாள். சோதிக்கிறாள் என்று நினைத்துச் சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். சிரித்துவிட்டுப் போய்விட்டாள்.

பிடுங்கியபோது அடிமண்ணில் பதம் இருந்தது. செடி செடியாகக் காய் குலுங்க வந்தது. இன்னொரு தண்ணீர் விட்ட சித்தப்பாவின் கடலையில் பாதி முளைத்திருந்தது. அப்பா ஒரு செடியைத் தோளில் போட்டுக்கொண்டு, தானே முடிவு செய்தது போலத் தெருவெல்லாம் காட்டினார். நிலம் தப்பியது.

அம்மாவின் காரியத்துக்கு, அவளோடு ஒரே லைனில் வேலை செய்த வாலாஜாபாத் அக்கா வந்திருந்தாள்.

“அந்த வாரம் பூரா பஸ்ஸுல கடலை ஓட்ட வச்சிகினு, ‘சரியாத்தான் பண்ணனாடி’ன்னு எங்க உயிர வாங்கினா ஒங்கம்மா. ‘சாவி எங் கையில இருந்தா நானே பயந்துபோய் மோட்டாரப் போட்டுடுவேன், அதான் பொண்ணு கழுத்துல மாட்டிட்டேன்’னா.”

அப்பாவிடமிருந்துதான் சாவியைக் காப்பாற்றுகிறேன் என்று நான் நினைத்திருந்தேன். பஸ்ஸுக்குக் கிளம்பிய அந்தக் காலையில் அம்மாவின் கை நிஜமாகவே சாவிக்காக நீண்டது என்று எனக்கு அப்போது தெரியாது.

நல்லவேளை, நான் கொடுக்கவில்லை.