நிமிர்ந்து பார்த்த ஹெலி

கடந்த ஓகஸ்ட் விடுமுறையில் ஒரு சனிக்கிழமை, காலை ஏழு ஐம்பது. கிளிநொச்சி உருத்திரபுரத்தில் எங்கள் வீட்டுக் குசினியில் புட்டு அவித்துக்கொண்டிருந்தேன். வயலுக்குப் போயிருந்த கணவரிடமிருந்து போன் வந்தது. அந்த அழைப்போடுதான் எல்லாம் குழம்பத் தொடங்கியது.

"இஞ்சரும், வெட்டு மெசின் வந்திட்டுது. இப்ப விட்டால் இனி எப்ப வருமெண்டு சொல்லேலாது. நீர் பிள்ளையோட போம்."

"எங்க?" என்று தெரியாதவள் போலக் கேட்டேன்.

"எங்கயெண்டு கேக்கிறீர்? ஹெலிக்குத்தான்!"

இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் சிறுபோக நெல் செய்பவர்களுக்கு இது விளங்கும். ஊரில் எல்லா வயலும் ஒரே கிழமையில் பழுத்துவிடும். நெல் வெட்டும் இயந்திரத்துக்கு அடிபிடி. வாசலுக்கு வந்த மெசினைத் திருப்பி அனுப்பினால் கதிர் சாயும்வரை காத்திருக்க வேண்டியதுதான். அவரைக் குறை சொல்ல எனக்கு வழியில்லை. ஆனால் அந்த வாரம் முழுவதும் நான் ஓரளவு நித்திரை கொண்டதே, ஏறப்போவது நான் இல்லை என்ற நிம்மதியில்தான்.

விசயம் இதுதான். விடுமுறைக்கு வந்திருப்பவர்களை ஹெலிகொப்டரில் ஏற்றி, இரணைமடு, ஆனையிறவு உப்பளம், வயல்வெளி எல்லாவற்றையும் மேலிருந்து காட்டி இறக்கிவிட, ஒரு நிறுவனம் எங்கள் பக்கத்து மைதானமொன்றுக்கு வந்திருந்தது. கனடாவில் இருந்து வந்து எங்கள் வீட்டில் தங்கியிருந்த மச்சாள், அதாவது கணவரின் அக்கா, என் மகளின் பிறந்தநாளுக்கென்று மூன்று இருக்கைகளைப் பதிந்துவிட்டார். என்னிடம் ஒரு சொல் கேட்கவில்லை. மச்சாள், மகள், கணவர் என்பதுதான் ஏற்பாடு. மகளுக்குப் பதினான்கு வயது. அந்த வயதுப் பிள்ளையோடு தாயோ தகப்பனோ கட்டாயம் ஏறவேண்டும் என்பது அவர்களின் விதி. கணவர் இல்லையென்றால் நான். நான் இல்லையென்றால் மகளும் இல்லை.

ஹெலி என்பது எங்கள் வயதுக்காரருக்கு ஒரு சத்தம். நான் மகளின் வயதில் இருந்தபோது, சண்டைக் காலத்தில், அந்தச் சத்தம் கேட்டால் சோற்றுக்கோப்பையைப் போட்டுவிட்டுப் பங்கருக்குள் ஓடுவோம். பங்கர் தூரமென்றால் நின்ற இடத்தில் குப்புறப் படுப்போம். எத்தனையோ தரம் அது எங்கள் தலைக்கு மேலால் போயிருக்கிறது. ஆனால் அது என்ன நிறம் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அது வரும்போதெல்லாம் என் முகம் மண்ணைப் பார்த்தபடிதான் இருந்தது.

இதையெல்லாம் மகளிடம் நான் விவரமாகச் சொன்னதில்லை. அவளோ அந்த வாரம் முழுவதும் போனில் காற்று எப்படி, முகில் எப்படி என்று பார்த்தபடி இருந்தாள். நானும் பார்த்தேன். அவள் காற்று குறையவேண்டும் என்று பார்த்தாள். நான் சோளகக் காற்று இன்னும் கொஞ்சம் உரத்து வீசாதா, எல்லாவற்றையும் நிறுத்திவிட மாட்டார்களா என்று பார்த்தேன்.

வழமையாக எங்களை ஏற்றும் ஓட்டோவில் மூவரும் போனோம். வழி முழுக்க மச்சாளின் கதைதான். அவரும் என்னை மச்சாள் என்றுதான் கூப்பிடுவார்.

"நயாகராவில நான் ஏறினனான். பஸ்ஸில போற மாதிரித்தான். என்ன மச்சாள், முகம் வெளிறிப் போச்சு? பயமோ?"

"பயமொண்டும் இல்லை. காத்துத்தான் கூட."

"அக்கா, அது என்ர ஓட்டோவை விடக் குலுக்காதெல்லோ?" என்று ஓட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துக் கேட்டார். அவருக்கும் என் வயதுதான் இருக்கும்.

"உம்மட ஓட்டோவை விடக் குலுக்கினா நான் குதிச்சிடுவன்," என்றார் மச்சாள். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

மைதானத்தில் ஒரு கூடாரம் போட்டிருந்தார்கள். ஒவ்வொருவராகத் தராசில் ஏற்றி நிறை பார்த்தார்கள். மச்சாள் கைப்பையை என்னிடம் தந்து, செருப்பையும் கழற்றிவிட்டு ஏறினார். மேசையில் இருந்த பெண்பிள்ளையை நான் கேள்வியால் துளைத்தேன். இது பழைய மெசினோ, காற்றில் சரியாதோ, நடுவில் நின்றுவிட்டால் என்ன செய்வீர்கள்? அவள் பொறுமையாகப் பதில் சொன்னாள். கடைசியில் கேட்க ஒன்றும் மிச்சம் இல்லாமல், "பைலட் காலமை சாப்பிட்டவரோ?" என்று கேட்டேன்.

"சாப்பிட்டவர் அன்ரி. ரெண்டு தரம்."

ஹெலி இன்னும் வரவில்லை. நாங்கள் மைதானத்து ஓரத்து வேம்பின் கீழ் நின்றோம். மகள் புது மஞ்சள் சட்டை போட்டிருந்தாள். என்ன சாட்டுச் சொல்லித் திரும்பலாம் என்று நான் மனதுக்குள் யோசித்துக்கொண்டிருந்தேன். தலையிடி என்று சொல்லலாம், பிரஷர் என்று சொல்லலாம்.

அப்போது வவுனியாப் பக்கம் இருந்து அந்தச் சத்தம் வந்தது.

காதுக்கு முதல் நெஞ்சுக்கு வந்தது என்றுதான் சொல்லவேண்டும். அதன்பிறகு நடந்ததற்கு என் புத்தியைக் கேட்டால் அதற்கு ஒன்றும் தெரியாது. மகளின் பிடரியில் கை வைத்து அமத்தியது, பக்கத்தில் காய்ந்து கிடந்த மழைத்தண்ணீர்க் கானுக்குள் அவளை இழுத்து விழுத்தியது, அவளுக்கு மேல் நான் படுத்தது எல்லாம் என் உடம்பு தானாகச் செய்தது. வாயைத் திறந்து, காதுகளைப் பொத்திக்கொண்டு, சருகுக்குள் முகம் புதைத்துக் கிடந்தேன்.

சத்தம் மெல்லத் தணிந்தது. அதோடு சிரிப்புச் சத்தம் கேட்டது. இளம் பிள்ளைகள் போனை உயர்த்தியபடி நின்று சிரித்தார்கள். வெட்கத்தில் உயிரே போய்விட்டது. நான் ஒரு ஆசிரியை. அங்கே நின்றவர்களில் பாதிப்பேர் என்னிடம் புவியியல் படித்தவர்கள்.

தலையைத் தூக்கினேன். அவர்கள் சிரித்தது என்னைப் பார்த்து மட்டும் இல்லை.

எங்கள் ஓட்டோக்காரர் தன் ஓட்டோவுக்குக் கீழே தலையைக் கொடுத்துக் குந்தியிருந்தார். கச்சான் கடலை விற்கும் பெண் தள்ளுவண்டிக்குப் பின்னால் கூனிக்குறுகி இருந்தார். நீளக்கைச் சேர்ட்டும் பளபளத்த சப்பாத்துமாக வந்திருந்த ஒரு உத்தியோகத்தர் வேம்பைக் கட்டிப்பிடித்தபடி நின்றார். இன்னும் அங்கொருவர் இங்கொருவர். எல்லோரும் நாற்பதைத் தாண்டியவர்கள். பிள்ளைகள் எல்லோரும் நிமிர்ந்து நின்றார்கள். நாங்கள் எல்லோரும் பதுங்கிக் கிடந்தோம்.

ஓட்டோக்காரர் என்னைப் பார்த்தார்.

"ரீச்சர், எழும்புங்கோ. இது காசு குடுத்து ஏறுற ஹெலி!"

"முதல்ல நீங்கள் வெளியில வாங்கோ," என்றேன்.

கச்சான்காரிதான் முதலில் சிரித்தார். பிறகு உத்தியோகத்தர். பிறகு நாங்கள் எல்லோரும். பெயர் தெரியாத மனிதர்களோடு அப்படி நான் சிரித்ததே இல்லை. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். மச்சாள் மட்டும் ஒன்றும் விளங்காமல் நின்றார். அவர் சத்தங்கள் தொடங்குமுன்பே ஊரை விட்டுப் போனவர்.

சிரித்து முடித்துத் திரும்பினேன். மகளின் மஞ்சள் சட்டை முழுவதும் புழுதி. முழங்கால் உரசிச் சிவந்திருந்தது. கோபிப்பாள் என்று நினைத்தேன். அவள் என் தலையில் ஒட்டியிருந்த சருகை எடுத்துவிட்டு, "அம்மா, வீட்ட போவம். எனக்குப் பெரிய ஆசையெண்டு இல்லை," என்றாள்.

அந்த வசனம் எனக்குப் பழக்கமானது. முல்லைத்தீவுக் கடற்கரைக்குப் பள்ளிக்கூடத்தில் கூட்டிப்போனபோது நான் தயங்கினேன், அவள் அதைச் சொன்னாள். நீச்சல் வகுப்புக்கும் சொன்னாள். சைக்கிளில் தனியாக ரியூசனுக்குப் போவதற்கும் சொன்னாள். என் முகத்தைப் பார்த்துப் பார்த்து, நான் வாய் திறக்குமுன்பே தன் ஆசையை மடித்து வைக்கப் பழகியிருக்கிறாள். சாட்டு ஒன்றும் நான் சொல்லத் தேவையில்லை. அவளே சொல்லித் தந்துவிட்டாள். "ஓம்" என்று சொன்னால் போதும், ஓட்டோவில் ஏறி வீட்டுக்குப் போய்ப் புட்டைச் சாப்பிடலாம்.

ஹெலி மைதானத்தின் நடுவில் நின்றது. அப்போதுதான் அதை முதன்முதலில் நிமிர்ந்து பார்த்தேன். வெள்ளை நிறம். இடையில் ஒரு நீலக் கோடு. நான் நினைத்து வைத்திருந்ததை விட மிகச் சிறியது.

மகளின் கையைப் பிடித்தேன். "மச்சாள், எந்தப் பக்கத்தால ஏறுறது?" என்று கேட்டேன்.

ஹெலி எழும்பியபோது நான் கண்ணை மூடி, முகத்தை முழங்காலுக்குள் வைத்திருந்தேன் என்பதை மறைக்கப் போவதில்லை. காதில் மாட்டிய கருவிக்குள்ளால் மகளின் குரல் கேட்டது.

"அம்மா, நிமிருங்கோ. உங்கட குளம்!"

நிமிர்ந்தேன். இரணைமடு. எத்தனை வருடமாக அதைக் கரும்பலகையில் கீறிக் காட்டியிருக்கிறேன்! வற்றியிருந்த கரையில் கொக்குகள் சுண்ணாம்புப் பொட்டுகள் போலத் தெரிந்தன. அணைக்கட்டு நான் கீறும் அதே வளைவில் கிடந்தது.

"சரியாத்தான் கீறியிருக்கிறன்!" என்று கத்தினேன்.

"ஓம், ஆனா உங்கட குளத்துக்கு வயிறு கொஞ்சம் காணாது," என்றாள் மகள்.

பிறகு ஆனையிறவு. உப்புப் பாத்திகள் சதுரம் சதுரமாக வெள்ளையும் சாம்பலும் இளஞ்சிவப்புமாகக் கிடந்தன. நடுவில் தெருவும் தண்டவாளமும் இரண்டு நூல் போல ஓடின. அப்பால் பூநகரிப் பக்கம் கடல்நீரேரி கண் கூசும்படி மின்னியது. இந்த மண்ணில் தவழ்ந்தும் படுத்தும் ஓடியும் இருக்கிறேன். இது இவ்வளவு வடிவென்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை.

திரும்பும்போது எங்கள் ஊர் வயல்கள் வந்தன. வாய்க்கால் வளைவையும் இரட்டைப் பனையையும் வைத்து எங்கள் வயலை நான்தான் கண்டுபிடித்தேன். பாதி மழித்த தலை போல இருந்தது. சிவப்பு மெசின் நின்றது. பக்கத்தில் ஒருவரும் இல்லை.

"அப்பாவைக் காணேல்லை," என்றாள் மகள். குரல் இறங்கிவிட்டது. அடுத்ததாக "பரவாயில்லை" என்று சொல்லப்போகிறாள் என்று எனக்குத் தெரியும். சொல்லவிடவில்லை. இன்னும் ஒரு சுற்றுச் சுற்ற முடியுமா என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் விமானியிடம் கேட்டேன். அதைக் கேட்டது நான்தான் என்பதை இப்போதும் என்னால் நம்ப முடியவில்லை. அவர் பெருவிரலை உயர்த்திக் காட்டி, ஹெலியைச் சரித்துத் திருப்பினார். ஒரு பக்கம் முழுவதும் வயலே நின்றது. நயாகரா புகழ் மச்சாள் கண்ணை இறுக மூடிக்கொண்டு, "பிள்ளையாரே, பிள்ளையாரே" என்று என் கையை நகத்தால் பிறாண்டினார்.

இரண்டாம் சுற்றில் வாய்க்கால் கரையால் ஒரு ஆள் ஏறி வந்தார். தலையில் கட்டியிருந்த துவாயை அவிழ்த்துச் சுழற்றிச் சுழற்றி ஆட்டினார். "அப்பா!" என்று மகள் கண்ணாடியில் அடித்தாள். நானும் அடித்தேன். கீழே நிற்பவருக்குத் தெரியாது என்று தெரிந்தும் இருவரும் கை நோகும்வரை ஆட்டினோம்.

இறங்கினோம். "ரீச்சர் வந்திட்டா!" என்று ஓட்டோக்காரர் கைதட்டினார். கச்சான்காரி ஒரு சுருள் கச்சானை என் கைக்குள் திணித்துவிட்டு, "அங்க இருந்து பாத்தா கீழ நிக்கிற எங்களத் தெரியுமோ?" என்று மெல்லக் கேட்டார். அந்தக் கேள்வியின் மற்றப் பக்கம், அந்த நாளில் மேலே இருந்தவர்களுக்கும் நாங்கள் தெரிந்தோமா என்பது, இருவருக்குமே தெரியும்.

"வடிவாத் தெரியுது," என்றேன். அவர் தலையாட்டினார்.

தண்ணீர் குடித்துத் தெளிந்த மச்சாள், "நயாகராவில நான் டிக்கெட் எடுத்தது உண்மை. ஏறேல்லை," என்று மகளின் காதுக்குள் சொன்னது எனக்கும் கேட்டது.

அப்போதுதான் கணவர் மோட்டார் சைக்கிளில் வந்து நின்றார். தலையெல்லாம் நெல்லுத் தூசி. ஆனால் கட்டியிருந்த சாரம் இடுப்புவரை நனைந்து சேறாக இருந்தது. சேற்றையும் அவரையும் நான் மாறிமாறிப் பார்த்தேன். எப்படி இருந்தது என்று அவர் கேட்கவில்லை.

"சத்தம் கேட்டதும் நான் வாய்க்காலுக்குள்ள பாய்ஞ்சிட்டனப்பா," என்றார். "மெசின் ஓட்டுறவன் பாத்துச் சிரிக்கிறான். பிறகுதான் மேல இருக்கிறது நீங்களெல்லோ எண்டு நினைப்பு வந்தது. ஏறி நிண்டு துவாயை ஆட்டினனான். கண்டனீரோ?"

கண்டோம் என்று நானும் மகளும் ஒரே குரலில் சொன்னோம். இன்றைக்கும் அந்தச் சத்தம் கேட்டால் என் உடம்பு முதலில் குனியத்தான் பார்க்கிறது. அதைக் கொஞ்சம் குனிய விட்டு, பிறகு நிமிர்ந்து, மேலே யாருடைய பிள்ளையோ இருக்கும் என்று நானும் கையாட்டுகிறேன்.