நடையக்கா

முன்னால் போகிற பெரியவர் வலது காலை வெளிப்பக்கம் வீசி வைத்தால், பத்தடி பின்னால் வருகிற இவரும் வீசி வைக்கிறார். அவர் பையைத் தோள் மாற்றினால் இவரும் மாற்றுகிறார். பெரியவர் சந்தேகப்பட்டுத் திரும்பினால், இவர் பக்கத்துக் கடைக் கண்ணாடிக்குள் இருக்கும் கடிகாரங்களை அக்கறையாகப் பார்க்கிறார். ஒருமுறை ஒரு பெண்மணி போலீசைக் கூப்பிடப்போவதாக மிரட்டியிருக்கிறார். "உங்க நடை ரொம்ப நல்லா இருந்துச்சும்மா, அதான்" என்று இவர் உண்மையைச் சொல்ல, நிலைமை இன்னும் மோசமாகிவிட்டது.

நாடகப் பள்ளியில் எல்லோருக்கும் இவர் நடையக்கா. வயது ஐம்பத்து நான்கு. பள்ளியின் பின்பக்கம், உடைந்த நாற்காலிகள் அடுக்கிய அறையை ஒட்டியிருக்கிறது இவருடைய பட்டறை. மேசைமேல் நடக்கிற மரப் பொம்மைகளைச் செய்கிறார். செய்து, தானே ஆட்டுவிக்கவும் செய்கிறார். கொண்டையில் பென்சில் செருகியிருக்கும். அதைத் தேடி இரண்டு மேசைகளைக் கலைத்துப் போடுவார். டீயில் மரத்தூள் மிதந்தால் ஊதி ஒதுக்கிவிட்டுக் குடிப்பார்.

ஒரு பொம்மையை ஆட்ட மூன்று பேர் வேண்டும். தலையும் இடது கையும் நடையக்காவுக்கு. வலது கையும் இடுப்பும் ஒப்பனைக்காரப் பெண்ணுக்கு. பாதங்கள் மேடைத் தச்சருக்கு. மூவரும் கறுப்பு உடை, கறுப்புக் கையுறை. விளக்கைச் சரியாக வைத்தால் இரண்டரை அடி மனிதன் ஒருவன் மட்டும்தான் கண்ணுக்குத் தெரிவான். "நடக்க வெச்சுடலாம். சும்மா நிக்க வைக்கிறதுதான் உயிரை வாங்கும்" என்பார். அதைச் சொல்லும்போதே அவருடைய தோள், பொம்மைக்காக மூச்சு விடுவதுபோல் மெல்ல ஏறி இறங்கும்.

ஐந்து வருடங்களுக்கு முன்பு பள்ளியில் புதிதாக ஓர் ஆய்வுப் பட்டம் தொடங்கினார்கள். படித்து எழுதுகிற ஆய்வு அல்ல; கையால் செய்து பார்த்து, மேடையில் ஆடிப் பார்த்து, அதில் என்ன தெரியவருகிறதோ அதைச் சொல்லவேண்டும். முதல்வர் வற்புறுத்தி நடையக்காவையும் மனுப் போடவைத்தார். ஆய்வுக் குழுவிலிருந்த பேராசிரியர் கேட்டார்: "உங்க ஆய்வுக் கேள்வி என்னம்மா?"

"விழப்போறோம்னு உடம்புக்கு எப்பத் தெரியுது? அதான் சார்."

"டாக்டரைக் கேட்டாலே சொல்லிடுவாரே."

"கேட்டேன் சார். எதனால விழறாங்கன்னு சொன்னார். எப்படி விழறாங்கன்னு அவர் பாத்ததில்ல. அவர் ரூம்ல எல்லாரும் உட்கார்ந்துதானே இருக்காங்க."

கேள்வி வீட்டிலிருந்து வந்தது. கணவர் தபால்காரர், இருபத்தாறு வருடம் தெருத்தெருவாக நடந்தே பிழைத்தவர். ஓய்வுக்கு இன்னும் நான்கு வருடம் இருக்கையில் நரம்பு நோய் ஒன்று அவருடைய கால்களைப் பிடித்துக்கொண்டது. நன்றாகப் போய்க்கொண்டிருப்பார், பொத்தென்று விழுவார். விழுந்த இடத்திலிருந்தே, "பார்சல் வந்திருக்கு, கையெழுத்துப் போட்டு எடுத்துக்கோ" என்பார். முதல் வருடம் நடையக்கா சிரித்துக்கொண்டே ஓடிவந்தார். பிறகு ஓட்டம் மட்டும் இருந்தது. அவரைப் பார்த்துப் பொம்மை செய்யட்டுமா என்று கேட்டபோது, "தாராளமா செதுக்கு. தொப்பையை மட்டும் கொஞ்சம் பாத்துக் குறைச்சுடு" என்றாராம்.

பதினோரு முழங்கால்கள் செய்தார். மர ஆணி போட்ட முதல் முழங்கால் சிப்பாய்போல நடந்தது. கயிறு கட்டிய மூன்றாவது, குடித்தவனைப்போலத் தள்ளாடியது. "குடிச்சவன் விழறது வேற. தரை எங்க இருக்குன்னே அவனுக்குத் தெரியாது. இவருக்குத் தெரியும்" என்று அதைக் கழற்றினார். ஏழாவதில் பழைய செருப்பின் தோல். எட்டாவதில் பேனாவின் ஸ்பிரிங். ஒவ்வொன்றிலும் தேதி எழுதிச் சுவரில் மாட்டினார். பொம்மை விழத்தான் செய்தது. ஆனால் யாரோ விழவைத்த மாதிரியே விழுந்தது.

ஒரு மதியம் ஒத்திகையில் கை மரத்துப்போய் நடையக்கா பிடியை மாற்றினார். பொம்மையின் தலை சற்றே நிமிர்ந்தது. அந்த நேரம் பார்த்து முழங்கால் மடிந்தது. தச்சர் கையை உதறிக்கொண்டு எழுந்தார். "அக்கா, இவன் நிஜமாவே விழுந்துட்டான்."

அன்று மாலை வீட்டில் கணவரைக் கண்ணெடுக்காமல் பார்த்தார். அதேதான். விழுவதற்கு ஒரு மூச்சு முன்னால் அவரும் தலையைத் தூக்கினார். "யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி பாப்பார். அதுக்கப்புறம்தான் காலுக்குச் சேதி போகும். நான் இத்தனை நாளா காலையே பாத்துக்கிட்டு இருந்திருக்கேன்" என்று மறுநாள் பள்ளி நூலகத்துக்கு வந்து, நூலகரான என்னிடம் சொன்னார். அதன்பிறகு தலை நிமிர்ந்ததுமே பாய்ந்துபோய் அக்குளில் கைகொடுத்துத் தாங்கிக்கொண்டார். ஏழு மாதம் தபால்காரர் தரையில் விழவில்லை.

மேடையேற்றத்துக்குப் பத்து நாள் இருந்தபோது, ஒரு வியாழக்கிழமை காலை, நடையக்கா பட்டறையில் இருந்தார். வீட்டில் கணவருக்குத் துணையாக அவருடைய தங்கை. தபால்காரர் குளியலறைக்குப் போனார். தங்கை நாலடி தள்ளித்தான் நின்றிருந்தார். அண்ணன் தலையைத் தூக்கியதைப் பார்க்கவும் பார்த்தார், தன்னைத்தான் ஏதோ கேட்கப்போகிறார் என்று நினைத்து, "என்னண்ணா?" என்றார். இடுப்பெலும்பு முறிந்தது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நாத்தனார் கேட்டார்: "ஆளை விட்டுட்டுப் பொம்மையைப் பிடிச்சுக்கிட்டு நின்னீங்களே அண்ணி."

நடையக்கா வெகுநாள் கழித்து என்னிடம் சொன்னார்: "அவ கேட்டது கூடப் பரவாயில்ல. தலையைத் தூக்கினா பிடிச்சுக்கோன்னு அவகிட்ட நான் ஒரு வார்த்தை சொல்லல. ஆய்வேட்டுல பன்னிரண்டு பக்கம் எழுதியிருக்கேன். வீட்ல இருக்கறவகிட்ட சொல்லத் தோணல."

மேடையேற்றம் தள்ளிப்போனது. தபால்காரர் அதன்பிறகு நடக்கவில்லை. ஆனாலும் ஒத்திகையைப் பார்த்தே தீருவேன் என்று பிடிவாதம் பிடித்து, சக்கர நாற்காலியில் வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தார். மேசைமேல் அவருடைய சின்ன உருவம், தொப்பை குறைக்கப்படாமல், பையை மாட்டிக்கொண்டு நடந்தது, நின்றது, தலையைத் தூக்கியது, விழுந்தது. பிறகு முழங்காலில் கையூன்றி எழுந்தது. ஒப்பனைக்காரப் பெண் முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நல்லா விழறான்" என்றார் தபால்காரர். "எழுந்திருக்கறதுதான் பொய். நான் எப்பம்மா தானா எழுந்தேன்?"

மறுவாரம் குழுவின் முன்னால் நடந்த ஆட்டத்தில், பொம்மை விழுந்ததும் நடையக்கா பிடியை விட்டார். இரண்டு கையுறைகளையும் கழற்றி மேசை ஓரம் வைத்தார். உளிக்காயங்கள் உள்ள அந்த வெறுங்கைகள் வெளிச்சத்துக்குள் வந்து, பொம்மையை அக்குளில் தாங்கித் தூக்கி நிறுத்தின. பேராசிரியர் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டார். பட்டம் கிடைத்தது. அடுத்த மாதம் தபால்காரர் இறந்துபோனார்.

இதெல்லாம் நடந்து ஒரு வருடம் ஆகிறது. வெளியூர்களிலிருந்து அழைப்புகள் வருகின்றன, நடையக்கா போகவில்லை. ஏன் என்று கேட்டேன். "கண்ணை மூடினா இவன்தான்பா நடக்கறான். அவர் வரமாட்டேங்கறார். இவனையே பாத்துப் பாத்து அவரை அழிச்சுட்டேன்" என்றார். சொல்லிவிட்டு, வேறொரு பொம்மையின் காதைத் தேய்க்க ஆரம்பித்தார்.

போன மாதம் நான் பட்டறையில் இருந்தபோது நாத்தனார் வந்தார். இருவரும் பேசி ஒரு வருடத்துக்கு மேல். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. "பழைய போன்ல கிடந்துச்சு அண்ணி. வீடு மாத்தினப்ப எடுத்தது" என்று கைபேசியை நீட்டினார்.

பதினோரு நொடிதான். நோய் வருவதற்கு முந்தைய வருடம். தபால்காரர் தலைக்குமேல் ஒரு நாற்காலியைக் கவிழ்த்துத் தூக்கிக்கொண்டு, "வழி, வழி, வழி" என்றபடி படம் எடுப்பவரை நோக்கி நேராக வருகிறார். கால்கள் ஒன்றையொன்று முந்துகின்றன.

"இவ்வளவு வேகமாவா நடப்பார்?"

"என்ன அண்ணி, உங்களுக்குத் தெரியாதா?"

"நல்லா நடந்தப்ப யாரு பாத்தா?" என்றார் நடையக்கா. பிறகு, "தலையைத் தூக்கினா பிடிச்சுக்கணும்னு உன்கிட்ட நான் சொல்லியிருக்கணும்."

"இப்ப எதுக்கு அண்ணி அது" என்று நாத்தனார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இன்னொரு தடவை போடு."

நாத்தனார் போட்டார். நடையக்கா படத்தைப் பார்த்தபடியே வலது கையின் இரண்டு விரல்களை மேசைமேல் ஊன்றினார். தபால்காரர் காலெடுத்து வைக்க வைக்க, விரல்களும் மரத்தூளுக்குள் விறுவிறுவென்று நடந்தன. பதினோராவது நொடியில் படம் நின்றது. விரல்கள் இன்னும் நாலு எட்டு தனியாக நடந்து, மேசையின் விளிம்புவரை போய் நின்றன.