சாப்பாட்டு மேசையில் ஒரு ஸ்டீரிங்

வீட்டுக்கு ஆட்கள் வந்தால் சமையலறைக் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன். ஐந்தாவதோடு படிப்பு நின்றுவிட்டது. நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது. ஆனால் காது நன்றாகக் கேட்கும். அப்படி நின்று கேட்டதிலேயே மட்டமான பேச்சு எதுவென்றால், கம்ப்யூட்டரில் கார் ஓட்டும் விளையாட்டுக்கு எதை வாங்குவது என்று என் மகனும் அவன் ஆபீஸ் சிநேகிதனும் மாதக்கணக்கில் பேசியதுதான்.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. பெங்களூர் பொம்மனஹள்ளியில் மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். மகன் புதுக் கார் வாங்கியிருந்தான். அது கீழே உறை போட்டு, கல்யாணப் பெண் மாதிரி முகம் காட்டாமல் நிற்கும். சீட்டின் மேல் இருந்த கம்பெனி பிளாஸ்டிக்கைக்கூட அவன் உரிக்கவில்லை. ஆபீசுக்குப் போவது ஆபீஸ் வண்டியில். ஞாயிற்றுக்கிழமை காரைக் கழுவுவான், கோயில்வரைக்கும் ஓட்டுவான், திரும்பவும் மூடிவிடுவான்.

நிஜக் கார் கீழே கிடக்க, மேலே இரண்டு பேரும் எது நிஜம் மாதிரி இருக்கும் என்று விவாதிப்பார்கள்.

"ஸ்டீரிங் வீல்தான் மச்சி. கையில புடிச்சா கார்ல உக்காந்த மாதிரியே இருக்கும்" என்பான் மகன்.

"போடா. டேபிள்ல மாட்டறதுக்குள்ள விடிஞ்சிடும். கைக்குள்ள அடங்கற கேம்பேட் வாங்கு. பட்டனை அமுக்க ரெண்டு கட்டைவிரல் போதும்" என்பான் சிநேகிதன்.

"கட்டைவிரல்ல எவன்டா கார் ஓட்டறான்?"

"சாப்பாட்டு மேசையில மட்டும் எவன் ஓட்டறான்?"

அந்த ஒரு கேள்விதான் அந்த வீட்டில் கேட்கப்பட்ட புத்தியுள்ள கேள்வி. அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல், கம்ப்யூட்டர் சாமான் விற்கும் எஸ்.பி. ரோட்டுக்குப் போய் மகன் வீலை வாங்கிவந்தான். சிநேகிதன் தன் பழைய பேடைக் கொண்டுவந்து போட்டான், வீல் கெட்டுப்போனால் உதவும் என்று.

கம்ப்யூட்டர் மேசைப் பலகை வீலைத் தாங்கவில்லை. நாங்கள் சாப்பிடும் மேசையில் அதைத் திருகி மாட்டினான். கம்ப்யூட்டரும் அங்கேயே வந்தது. தட்டுகளை எடுத்துக்கொண்டு நாங்கள் தரைக்கு வந்தோம். காலால் மிதிக்கும் பெடல் இரண்டு. பிரேக்கை மிதித்தால் மொசைக் தரையில் அது வழுக்கிக்கொண்டு சுவர்வரைக்கும் ஓடும். அரிசி மூட்டையை இழுத்துவந்து அதற்கு முட்டுக் கொடுத்தான். நான் உலைக்கு அரிசி எடுக்கப் போனால், "அம்மா, ஒரு ரவுண்டு முடிச்சுக்கறேன்" என்று கத்துவான். உலகத்திலேயே அரிசி மூட்டையில் முட்டி நிற்கிற கார் அது ஒன்றுதான். அதற்குப் பெயர் நிஜம் மாதிரியாம்.

அவன் ஓட்டும் ரோட்டையும் பார்த்தேன். ஏதோ வெளிநாடு. குழி இல்லை, மாடு இல்லை, குறுக்கே ஓடும் ஆள் இல்லை. அந்த ரோட்டிலும் மரத்தில்தான் மோதினான்.

இதெல்லாம் எப்படியோ போகட்டும் என்று இருந்திருப்பேன். என் மருமகளுக்காகத்தான் வயிறு எரிந்தது. அவள் கம்பெனி வைட்ஃபீல்டுக்கு மாறியது. சின்னக் கம்பெனி, வண்டி அனுப்பமாட்டார்கள். பஸ் மாறி மாறிப் போய்வந்து, வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றக்கூட முடியாமல் நிற்பாள். டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து ஓட்டக் கற்று லைசென்சும் வாங்கிவிட்டாள். அது பீரோவில் புடவைக்கு அடியில் கிடந்தது. காரில் போய் வரலாம். இவன் சாவி தரவேண்டும், அவ்வளவுதான்.

"ஸ்கூல் கார்ல ஓட்டறது ஓட்டறதாம்மா? அங்க சொல்லித்தர்றவன் பக்கத்துல ஒரு பிரேக் வச்சிருப்பான்" என்று என்னிடம் சொன்னான். அவளிடம், "முதல்ல இதுல பிராக்டிஸ் பண்ணு. நான் ஓகே சொன்னதும் எடு" என்றான்.

வீலை விட்டு இவன் எழுந்திருக்கமாட்டான். அதனால் அவள் பேடை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். போனில் மெசேஜ் தட்டிப் பழகிய விரல்கள். சில நாளிலேயே இவனை முந்திக்கொண்டு போனாள்.

"ஏங்க, ஜெயிச்சுட்டேன். சாவி?"

"பேட்ல ஓட்டறது கணக்கே இல்ல. அது வெறும் விளையாட்டு. வீல்ல ஓட்டிக் காட்டு."

சரி என்று அவள் வீலுக்கு மாறினாள். வேலை முடிந்து வந்த களைப்போடு உட்கார்ந்து பழகினாள். ஒரு சனிக்கிழமை எங்கேயும் இடிக்காமல் முழுச் சுற்றும் ஓட்டி முடித்தாள். சிநேகிதன்கூடக் கைதட்டினான். என் மகன் தாடையைச் சொறிந்துகொண்டான்.

"இதுல கிளட்ச் இல்லையே. நிஜக் கார்ல கிளட்ச் இருக்கு. மூணு பெடல் வச்ச வீல் ஒண்ணு இருக்கு, ஆபீஸ்ல ஒருத்தன் அமெரிக்காலேர்ந்து வரும்போது வாங்கிவரச் சொல்லியிருக்கேன். அதுல கொஞ்ச நாள் ஓட்டு."

"அப்ப இத்தன நாளா நான் எதை ஓட்டினேன்?" என்றாள் அவள்.

கதவுக்குப் பின்னால் நின்ற எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. மூன்று பெடல் வந்தால், மழை இல்லையே என்பான். மழை வந்தால், சில்க் போர்டு ஜங்ஷன் நெரிசல் இல்லையே என்பான். நிஜம் நிஜம் என்று அவன் கேட்டதெல்லாம் அவள் காரைத் தொடாமல் இருப்பதற்கு.

ஆயுத பூஜை வந்தது. காரைக் கழுவி, வாழைக்கன்று கட்டி, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தோம். சாவி பூஜைத் தட்டில் இருந்தது. அரிவாள்மணை, தையல் மிஷின் கத்தரி, இவர்கள் புத்தகம் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தேன். மகன் மேசையிலிருந்து வீலைக் கழற்றிக்கொண்டுவந்து சாமி முன்னால் வைத்தான். சிநேகிதன் ஓடிப்போய் பேடையும் கொண்டுவந்தான்.

"இது பூஜைக்கு வராதுடா. பொம்மை" என்றான் மகன்.

"உன்னோடது மட்டும் வேலாயுதமா?"

இரண்டுக்கும் சந்தனம் வைத்தேன். வீலுக்குக் கொஞ்சம் தாராளமாகவே வைத்தேன். பொத்தான் இடுக்கில் போய்விட்டது என்று மகன் பல் குச்சியை வைத்துக்கொண்டு, சாமி முன்னாலேயே உட்கார்ந்து சாயங்காலம்வரை தோண்டிக்கொண்டிருந்தான்.

பூஜையில் வைத்ததை அன்றைக்கு எடுத்துப் புழங்கமாட்டோம். மறுநாள் விஜயதசமி காலையில் கற்பூரம் காட்டி, தட்டிலிருந்து ஒவ்வொன்றாக நான் எடுத்துக் கொடுப்பேன். வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வேலையைத் தொடங்குவார்கள். எங்கள் வீட்டில் அப்படித்தான்.

அன்றும் கொடுத்தேன். சாவியைக் கையில் எடுத்ததும் மகன் கையை நீட்டினான். நான் திரும்பி அதை மருமகள் கையில் வைத்தேன், மேலே ஒரு சாமந்திப் பூவோடு.

"அம்மா, சாவி எனக்கு."

சாமி முன்னால் கொடுத்ததை அவள் கையிலிருந்து எப்படிப் பிடுங்குவான்? அவள் கண்ணில் ஒற்றிக்கொண்டு நேரே படியிறங்கிப் போனாள். நான் செருப்பு மாட்டிக்கொண்டு பின்னாலேயே போய் காரின் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

"நீ எதுக்கும்மா ஏறின? இறங்கு."

இறங்கவில்லை. வேறு வழியில்லாமல் அவனும் முன்னால் இடப்பக்கம் ஏறினான்.

கார் எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு கிளம்பியது. தெருமுனையில் நின்றுபோனது. மறுபடி ஸ்டார்ட் செய்தாள், மறுபடி நின்றது. பின்னால் ஆட்டோக்காரர் தலையை வெளியே நீட்டி, "ஏனக்கா, இன்னூ பூஜே முகிதில்வா?" என்றார், இன்னும் பூஜை முடியவில்லையா என்று.

"ஆய்து அண்ணா, ஸ்வல்ப தாளி" என்று, ஆயிற்று, கொஞ்சம் பொறுங்கள் என்பதை அவளும் கன்னடத்திலேயே சிரித்துக்கொண்டே சொல்லி, மூன்றாம் முறை எடுத்தாள். ஓசூர் ரோடு வந்துவிட்டது. லாரி, பஸ், ஸ்கூட்டர் எல்லாவற்றோடும் மெதுவாகப் போனாள்.

என் மகன் தலைக்கு மேலிருந்த பிடியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, இரண்டு காலாலும் தரையை அழுத்திக்கொண்டிருந்தான். பிரேக் பிரேக் என்றான். அங்கே பிரேக் எதுவும் இல்லை. வீட்டில் ஓட்டிய மாதிரியே இங்கேயும் ஓட்டுகிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு சுற்று சுற்றி வீட்டுக்கு வந்தோம். இறங்கியதும் அவன் கையை நீட்டினான். அவள் சாவியைக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

"அத்தை, நாளைக்கு ஏழு மணிக்குக் கிளம்பறேன். டப்பா கட்டித் தர முடியுமா?"

"கட்டறேம்மா."

"வைட்ஃபீல்ட் வரைக்குமா? அந்த டிராஃபிக்லயா?" என்றான் இவன்.

"பயமா இருந்தா நீங்களும் வாங்க. பின்னாடி சீட்டு காலியாதான் இருக்கு."

அவன் மாடியேறிப் போனான். கொஞ்ச நேரத்தில் மேலே மேசையில் வீலைத் திருகி மாட்டும் சத்தம் கேட்டது.