சித்தி கடைந்த கீரை

அப்பா காற்றிலிருந்து நூல் இழுத்துக்கொண்டிருந்தார். ராமச்சந்திராபுரத்துத் தொழிற்சாலைக் குடியிருப்பில் எங்கள் வீட்டுக் கூடம், ஞாயிற்றுக்கிழமை மதியம். பனியனோடு நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணுக்குத் தெரியாத ஒரு நூலை இரண்டு விரலால் பிடித்து இழுத்து இழுத்து மடியில் சுருட்டி வைத்துக்கொண்டிருந்தார். "பஸ் வந்துருச்சா?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை கம்பெனி பஸ் வராது. முகம் சிவந்திருந்தது, உதடு காய்ந்து வெடித்திருந்தது, கருமணி விரிந்து கண் முழுக்கக் கறுப்பாகத் தெரிந்தது. நான் ஆறாவது படித்துக்கொண்டிருந்தேன். முதலில் விளையாடுகிறார் என்று நினைத்தேன். விளையாடுகிற ஆளில்லையே அவர் என்று பிறகுதான் உறைத்தது.

சித்தி சமையலறை வாசலில் கரண்டியோடு நின்றிருந்தாள். சித்தி என்றால் என் அம்மாவின் தங்கை அல்ல. அம்மா காய்ச்சலில் போன பிறகு அப்பா தென்காசிப் பக்கமிருந்து கட்டிக்கொண்டு வந்தவள். வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. தெலுங்கு தெரியாது, இந்தி தெரியாது. தள்ளுவண்டிக்காரியிடம் கீரைக் கட்டை விரலால் காட்டித்தான் வாங்குவாள். எனக்கும் அவளுக்கும் சண்டை ஒன்றும் இல்லை, ஒட்டுதலும் இல்லை. அவளை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாததால் நான் அவளைக் கூப்பிடாமலே காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தேன்.

கீரைக்குப் பஞ்சமில்லாத ஊர் இது. தோட்டகூர, பாலகூர, கோங்கூர, சுக்ககூர என்று வண்டி நிறைய வரும். கோங்கூராவின் புளிப்புக்கு முதலில் முகம் சுளித்த சித்தி, ஒரு மாதத்தில் அதிலேயே பருப்புக் கடைய ஆரம்பித்திருந்தாள். ஆனால் அவள் தேடிய மணத்தக்காளி மட்டும் எந்த வண்டியிலும் வராது. இங்கே அதை யாரும் தின்பதில்லை, வேலியோரம் முளைத்தால் களை. அந்த வாரம் அப்பாவுக்கு வாயெல்லாம் புண். காரம் பட்டால் துடிப்பார். ஞாயிறு காலையில் காம்பவுண்டுச் சுவருக்குப் பின்னால் துணி காயப்போடப் போனவள், சேலை மடி நிறையக் கீரையோடு ஓடிவந்தாள். "மிளகுதக்காளி, பாப்பா! இங்கயும் மொளச்சிருக்கு பாரு! அவுக வாய்ப்புண்ணுக்கு இத விட்டா மருந்து ஏது?" அவள் ஊரில் அதற்கு அந்தப் பெயர். எங்கள் வீட்டுக்கு வந்ததிலிருந்து அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. பாசிப்பருப்பும் தேங்காய்ப்பாலும் விட்டுச் சமைத்தாள். அப்பா இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். எனக்குக் கீரை என்றாலே ஆகாது. உருளைக்கிழங்கும் தயிர்சாதமும் தின்றுவிட்டு எழுந்துவிட்டேன். எல்லாரும் சாப்பிட்ட பிறகு சாப்பிடுவதுதான் அவள் வழக்கம். அவள் தட்டு போடுவதற்குள் அப்பா நூல் இழுக்க ஆரம்பித்துவிட்டார்.

பக்கத்து வீட்டு அத்தைதான் ஷேர் ஆட்டோவைப் பிடித்துப் பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். அத்தையின் குடும்பம் தலைமுறை தலைமுறையாகச் செகந்திராபாத்தில் இருக்கும் தமிழ்க் குடும்பம். அவர்தான் சித்திக்கு எல்லா மொழிக்கும் வாய். என்ன சாப்பிட்டார் என்று டாக்டர் கேட்டதும், சித்தி செருப்பில்லாமல் வீட்டுக்கு ஓடி, சட்டியில் மிச்சமிருந்ததையும் சமைக்காமல் வைத்திருந்த கீரையையும் அள்ளிக்கொண்டு வந்தாள். நர்ஸ் பச்சைக் கீரையைக் கிளறி ஒரு கொழுந்தை எடுத்துத் தூக்கிப் பிடித்தார். "இதி உம்மெத்த கதா!" ஊமத்தை. பூவும் காயும் வராத இளஞ்செடிகள் மணத்தக்காளிக்கு நடுவில் கலந்து முளைத்திருக்கின்றன. ஆசையில் கை பறித்துக்கொண்டே போயிருக்கிறது, கண் பார்க்கவில்லை. பிழைத்துக்கொள்வார், ஆனால் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றார் டாக்டர்.

சித்தி சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். அத்தை அவளுக்குத் தண்ணீர் கொடுத்தார். கொடுத்துவிட்டுத்தான் கேட்டார்.

"ஹவ்மா, தெரியாம பறிச்சிட்டே. சரி. நீ கைக்கு சாப்பிடலை?"

சித்திக்கு அந்த ஊர் இந்தியில் 'ஆமாம்' என்கிற 'ஹவ்'வும் புரியவில்லை, 'கைக்கு'வும் புரியவில்லை. ஏன் என்று கேட்கிறார் என்று நான்தான் சொன்னேன்.

"அவுக சாப்புட்டு எந்திரிக்கட்டும்னு இருந்தேன், மைனி."

அத்தையும் தன் வீட்டில் கடைசியாகத்தான் சாப்பிடுவார். அன்றைக்கு அது அவருக்கு ஞாபகம் வரவில்லை. அவர் கெட்டவர் இல்லை, வாயில் வந்ததைக் கேட்டார், அவ்வளவுதான். ஆனால் அந்தக் கேள்வி எங்களுக்கு முன்பே குடியிருப்புக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. கிராமத்துக்காரிக்கு ஊமத்தை தெரியாதா? புருஷனை முந்தானையில் முடிந்துகொள்ள மருந்து வைத்திருப்பாள், அளவு கூடிப்போயிருக்கும். இரண்டாம் தாரம்தானே என்றார்கள். அவள் மடியில் கீரையோடு ஓடிவந்தபோது அவள் முகத்தைப் பார்த்தவள் நான் ஒருத்திதான். என்னை யாரும் கேட்கவில்லை.

அப்பா வீடு திரும்பினார். அன்று நடந்தது எதுவும் அவருக்கு நினைவில்லை. அவர் சித்தியை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. ஆனால் சாப்பிடும்போது சோற்றுக் கை வாய்க்கருகில் ஒரு நொடி நிற்கும். பிறகுதான் உள்ளே போகும். அவருக்கே அது தெரிந்திருக்காது. சித்திக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகு அவள் எதைச் சமைத்தாலும் எங்கள் கண் முன்னால் ஒரு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு நின்றாள். எங்களுக்குச் சோறு ஆறிப்போகும். "போடும்மா, போதும்" என்று அப்பா எரிச்சல்படுவார். அவள் அசைய மாட்டாள். வீட்டில் கீரை நின்றுபோனது. தள்ளுவண்டிக்காரி குரல் கொடுத்தால் சன்னலைச் சாத்திவிடுவாள்.

யார் போன் போட்டார்களோ, திருச்சியிலிருந்து என் மாமா வந்து இறங்கினார். அம்மாவின் அண்ணன். என்மேல் உயிரையே வைத்திருந்தவர். சித்தி கொடுத்த காப்பியைத் தொடவில்லை. "புள்ளைக்குக் கீரை பிடிக்காததால தப்பிச்சா. ஒவ்வொரு தடவையும் அப்படித் தப்பிக்குமா? அவ எங்ககூட இருக்கட்டும், மாப்பிள்ளை" என்றார். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த ஒன்றுக்காக எனக்கு அவர்மேல் வந்த கோபம் இன்னும் முழுசாக ஆறவில்லை. மாமா என் துணிகளைப் பையில் அடுக்கினார். அன்று சாயங்காலம் ரயில்.

நான் போய்விட்டால் என்ன ஆகும் என்று எனக்கு அந்த வயதிலும் விளங்கியது. குழந்தையைக் கூட்டிப்போய்விட்டார்கள் என்றால், அவள் விஷம் வைத்தாள் என்று ஊருக்கே முடிவாகிவிடும். பிறகு அவள் எந்த முகத்தோடு அந்த வீட்டில் இருப்பாள்? வாசலில் "தோட்டகூர, பாலகூர" என்று குரல் கேட்டது. ஓடிப்போய்த் தண்டுக்கீரை ஒரு கட்டு வாங்கிவந்து சமையலறைத் தரையில் அவள் முன்னால் போட்டேன்.

"கடைஞ்சு குடுங்க."

"வேண்டாந்தாயி. என்னால ஆகாது."

"எனக்குப் பசிக்குது."

அவள் செய்தித்தாளை விரித்து இலை இலையாக ஆய்ந்தாள். ஒவ்வொரு இலையையும் வெளிச்சத்தில் தூக்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். மாமா வாசலில் வந்து நின்று அவள் கையையே பார்த்தார். பூண்டும் சின்ன வெங்காயமும் பச்சைமிளகாயும் போட்டு வேகவைத்து, சட்டியை அணைத்துப் பிடித்துக் கடைந்தாள். தாளித்துக் கொட்டினாள். சூட்டோடு விரலால் வழித்துத் தன் வாய்க்குக் கொண்டுபோனாள். நான் அந்தக் கையை எட்டிப் பிடித்து என் வாயில் வைத்துக்கொண்டேன்.

"ஏய்!" என்றார் மாமா.

பச்சை வாசனை குமட்டியது. நாக்கு சுட்டது. விழுங்கினேன்.

"உப்பே போடலையே, சித்தி" என்றேன்.

முதல் தடவையாக அவளை அப்படிக் கூப்பிட்டது அப்போதுதான். அவள் சிரித்தாள், உடனே வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். கூடத்திலிருந்து அப்பா தட்டை எடுத்துக்கொண்டு வந்து தரையில் உட்கார்ந்தார். "எனக்கும் போடு. உப்பு அப்புறம் பார்த்துக்கலாம்" என்றார். அன்று அவர் கை நிற்கவில்லை. மாமா மட்டும் சாப்பிடாமல் கிளம்பினார். என் துணிகளை அவரே பையிலிருந்து எடுத்து அலமாரியில் வைத்துவிட்டுத் தனியாக ரயிலேறினார். பிற்பாடு என் கல்யாணத்துக்கு வந்து எல்லாப் பதார்த்தத்தையும் ஒரு கை பார்த்தவர், கீரைக் கூட்டை மட்டும் இலை ஓரத்தில் ஒதுக்கிவைத்திருந்தார். விடாக்கண்டர்.

அப்பா போய்ச் சில வருடங்கள் ஆகின்றன. சித்தி இப்போது என்னோடு செகந்திராபாத்தில், சைனிக்புரியில் இருக்கிறாள். எங்கள் வீட்டில் கீரை இல்லாத நாள் குறைவு. வெந்தயக்கீரைச் சப்பாத்தி, கோங்கூரா, பொன்னாங்கண்ணிப் பொரியல், சாம்பாரில் முருங்கை. தமிழில் கேட்டால் இந்தியில் பதில் சொல்லும் என் பிள்ளைகள்கூடக் கீரைக்கு மட்டும் தமிழில் சண்டை போடுகிறார்கள். முழங்கால் வலியோடு இன்றும் அவள்தான் ஆய்கிறாள், அவள்தான் கடைகிறாள். கடைந்ததும் ஒரு வாய் போட்டுக்கொண்டு, அடுப்பைப் பிடித்தபடி பேசாமல் நிற்கிறாள். பிள்ளைகள் பசியில் தட்டைத் தட்டிக்கொண்டு, பாட்டி என்ன செய்கிறாள் என்று கேட்கிறார்கள்.

உப்பு பார்க்கிறாள் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.