மீன் வண்டிக்குக் கார் ஆயில்

1. வாசலிலேயே தீர்ப்பு

நெட்டுக்குப்பம் செல்வம் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து என் கடை வாசலில் நிறுத்தினான். காசிமேட்டில் மீன் எடுத்து எண்ணூர் பக்கம் தெருத்தெருவாக விற்கிறவன். பைக் பழசு, நூறு சிசி. பின்னால் ஐஸ் பெட்டி.

"யக்கா, எர்ணாவூர் பாலம் ஏற மாட்டேன்னுது. இஞ்சின் கத்துது, வண்டி நவுரல. பெட்டி நெறைய மீனு கீது."

திருவொற்றியூரில் ஆயில் மாற்றும் கடை வைத்து எனக்கு முப்பது வருஷம் ஆகிறது. பைக்கின் நோயை வாசலிலேயே சொல்லிவிடுவேன் என்று ஒரு பேர் உண்டு. அந்தப் பேரை எனக்கு வைத்தது நான்தான். உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்திருக்காமல் தீர்ப்புச் சொன்னேன்.

"கிளட்ச் போச்சு. கைய கிளட்ச்மேலயே வெச்சிக்கினு ஓட்டுனா பிளேட்டு இன்னா பண்ணும்? வண்டி ஓட்டத் தெரியாதவன்லாம் மீன் யாவாரத்துக்கு வந்துட்டானுங்க."

பக்கத்து டீக்கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். "மீன்பாடி வண்டி வாங்கிக்க மாமு, மிதிச்சா போதும், அதுல கிளட்சே இல்ல" என்றான் ஒருவன்.

செல்வம் ஐஸ் கரைவதற்குள் மீனை அங்கேயே கிடைத்த விலைக்குத் தள்ளினான். நானும் அரைக் கிலோ சங்கரா வாங்கினேன், பேரம் பேசி. பிறகு வண்டியை அடுத்த தெரு யூசுப் பாய் பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போனான்.

2. ராஜ சாப்பாடு

மூன்று நாளைக்கு முன்னால் அந்த வண்டிக்கு ஆயில் மாற்றியது நான்தான். "வண்டிக்கு வயசாய்ட்ச்சிக்கா, நல்ல ஆயிலா பாத்து ஊத்து" என்று கேட்டிருந்தான்.

என் படிப்பு இரண்டாம் வகுப்பு. இங்கிலீஷ் தெரியாது. எண் தெரியும், அது பஸ் நம்பர் பார்த்துப் பழகியது. அதனால் டப்பாவில் எழுதியிருப்பதை விட்டுவிட்டு ஆயிலை விரலால் படிப்பேன். கட்டைவிரலில் ஒரு சொட்டு விட்டுத் தேய்த்தால் போதும் என்று வந்தவர் போனவருக்கெல்லாம் பாடம் எடுத்தவள் நான்.

அன்றைக்கு அலமாரியில் இருந்ததிலேயே உசத்தியான டப்பாவைத் திறந்தேன். பெரிய கார்களுக்கு ஊற்றுவது. பொன் நிறம். விரலில் வெண்ணெய் மாதிரி வழுக்கியது. கிழட்டு வண்டி ஒருநாளாவது ராஜ சாப்பாடு சாப்பிடட்டும் என்று மனசு இளகி ஊற்றினேன்.

செல்வம் வண்டியைத் தள்ளிக்கொண்டு போன அன்று சாயங்காலம் யூசுப் பாய் ஆள் அனுப்பினார். போனால், கிளட்ச் பிளேட்டுகளைப் பேப்பரில் பரப்பி வைத்திருந்தார். செல்வம் ஓரமாக நின்றான்.

"யக்கா, பிளேட்டு புத்சு கணக்கா கீது. எந்தப் புண்ணியவான் இதுல கார் ஆயில் ஊத்துனது?"

செல்வம் என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன்.

"உசந்த ஆயில் பாய் அது" என்றேன்.

"உசந்ததுதான், காருக்கு. கார்ல கிளட்ச் தனியா காஞ்ச எடத்துல கீது. இந்த வண்டியில இஞ்சின், கியரு, கிளட்ச் எல்லாம் ஒரே ஆயில்ல முங்கிக்கினு கீது. வழுக்கறதுக்கு மருந்து கலந்தத ஊத்துனா பிளேட்டு எப்டி புடிக்கும்?"

பைக் கிளட்ச் ஆயிலில் நனைந்திருப்பது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் வழுக்கினால் நல்ல ஆயில் என்று என் விரலைப் பழக்கி வைத்திருந்தேன்.

பாய் ஒரு பைக் ஆயில் டப்பாவைத் திருப்பி, முதுகில் 'ஜாசோ' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் இரண்டு எழுத்தைக் காட்டினார். எம், ஏ. நனைந்த கிளட்ச்சுக்கு ஆகும் என்பதற்கு அதுதான் அடையாளம். முதல் எழுத்து ஒட்டி நிற்கும் இரண்டு கூடாரம், அடுத்தது ஒரே படி வைத்த ஏணி என்று மனசில் வரைந்துகொண்டேன். முன்பக்கத்தில் இருபது, நாற்பது. கம்பெனி அந்த வண்டிக்குச் சொன்ன கெட்டி அது. அதை நானே படித்தேன்.

3. பாலம்

பாய் பிளேட்டுகளைக் கழுவி மாட்டினார். புது ஆயிலை நான் ஊற்றினேன். சைடு ஸ்டாண்டில் சாய்த்தபடியே அளவு பார்ப்பது என் அவசரப் புத்தி. அன்றைக்குச் சமதரையில் சென்டர் ஸ்டாண்ட் போட்டேன். இஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு அணைத்து, ஆயில் கீழே இறங்கும்வரை பொறுத்து, அளவு பார்க்கும் ஸ்டிக்கைத் துடைத்துவிட்டு, திருகாமல் வைத்து எடுத்தேன். மேல் கோட்டைத் தொட்டும் தொடாமலும் நின்றது.

"இனிமே நல்லா ஓடும்" என்றேன்.

"உன் பேச்ச நம்பி இன்னொரு தபா மீன் ஏத்த மாட்டேன். நீ ஏறு" என்று ஐஸ் பெட்டியைக் கழற்றினான் செல்வம்.

"பெட்டி எடைக்கு வருவேனா?"

"தாண்டுவ" என்றார் பாய்.

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினேன். எர்ணாவூர் பாலத்தில் வண்டி என்னையும் சுமந்துகொண்டு இரண்டாவது கியரில் சீராக ஏறியது. உச்சியில் செல்வம், "வூட்ல வுட்டுடவாக்கா?" என்று கேட்டான். குரல் தணிந்திருந்தது.

அப்படியே வீட்டுக்குப் போயிருந்தால் விஷயம் எங்கள் மூன்று பேரோடு முடிந்திருக்கும். ஆனால் இவனுக்கு ஓட்டத் தெரியாது என்ற பேச்சு தெருவில் நின்றுவிடும். இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: ஆயில் மாற்றிய வண்டி திரும்பி வந்தால், ஓட்டினவனைக் கேட்கும் முன்னால் ஊற்றினவளைக் கேளுங்கள்.

"டீக்கடைக்கு வுடு" என்றேன்.

காலையில் சிரித்தவர்களில் நாலைந்து பேர் நின்றார்கள். வண்டியைவிட்டு இறங்காமலே சொன்னேன்: "இவனுக்கு நல்லா ஓட்டத் தெரியும். கார் ஆயில் ஊத்துனது நானு. தப்பு என்னுது."

செல்வம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "சத்தமா சொல்லுக்கா, போண்டா போடறவருக்குக் கேக்கல" என்றான்.

இன்னொரு தரம், போண்டா போடுகிறவர் கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்கும்படி சொன்னேன்.