செவில்யாவிலிருந்து வந்த கறுப்புக் கோப்பை

2025 நவம்பர் 4, செவ்வாய்க்கிழமை. நாட்குறிப்பில் அன்றைய பக்கம் மற்ற நாட்களைப் போலவே தொடங்குகிறது. நாலே முக்காலுக்கு எழுந்தேன். முன்னிரவில் தூறல். பால் பாக்கெட் இரண்டு. ஐந்து மணிக்குக் காபி. சமையல் மேடைக்கு மேலே உள்ள தட்டில் கறுப்புக் கோப்பை வைத்த இடத்திலேயே கவிழ்ந்திருந்தது. ஐந்தேகாலுக்கு மனைவியும் நானும் ஸ்கூட்டரில் கிளம்பினோம். முத்தியால்பேட்டையிலிருந்து கனகசெட்டிக்குளம் போய்ச் சேர முப்பத்தைந்து நிமிடம். செவ்வாயும் சனியும் படகு வரும் நேரத்துக்கு அங்கே போய் மீன் வாங்குவதும், அவள் சமைக்கும் விருந்தினர் விடுதியில் அவளை விட்டுவிட்டு நான் காலாப்பட்டில் ஆய்வுக்கூடத்து வேலைக்குத் திரும்புவதும் எங்களுக்கு இருபது ஆண்டுப் பழக்கம். ஆய்வுக்கூடத்தில் என் வேலை, குளிர்பெட்டிகளின் வெப்பநிலையைக் குறித்த நேரத்தில் பார்த்துப் பதிவேட்டில் எழுதுவது. எழுதாதது நடக்கவில்லை என்பது அங்கே விதி. அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. மழை, வெயில், குழம்பு, காய்ச்சல் எல்லாம் என் நாட்குறிப்பில் இருக்கும்.

என் மனைவி மீன் வாங்குவதைப் பார்க்கவே கரையில் ஆட்கள் நிற்பதுண்டு. மீனின் கண்ணைப் பார்க்க மாட்டாள், வயிற்றை அழுத்த மாட்டாள். செவுளை ஒரு விரலால் தூக்கி, மூக்கைக் கிட்டே கொண்டுபோய் ஒரே மூச்சு. ராத்திரி மீன், விடியற்காலை மீன், ஐஸ் பட்டது என்று பிரித்துவிடுவாள். விடுதியின் சொந்தக்காரியை நாங்கள் மதாம் என்றுதான் கூப்பிடுவோம். எழுபது வயதைத் தாண்டியவர். விருந்தாளிகளிடம் இவளைக் காட்டி அவர் எப்போதும் சொல்லும் வாசகம் ஒன்று உண்டு: "கை எல்லாருக்கும் இருக்கு. மூக்கு இவளுக்குத்தான்."

அன்று நாங்கள் வழக்கமாக வாங்கும் மீன்காரம்மா இரண்டு குவியல் வைத்திருந்தாள். என் மனைவி இடப்பக்கக் குவியலில் ஒரு வஞ்சிரத்தை எடுத்து, செவுளைத் தூக்கி, மோந்து, கூடையில் போட்டாள். இரண்டாவதையும் போட்டாள். இரண்டடி தள்ளி நின்ற எனக்கே அந்த வாடை வந்தது. மீன்காரம்மா அவள் கையைப் பிடித்தாள். "இன்னாக்கா, அது நேத்து மீனு. கடைக்காரன் ஒருத்தன் கேட்டான்னு ஒதுக்கி வெச்சது. உனுக்கு இந்தாண்ட இருக்குது பாரு." பிறகு பக்கத்துக் கூடைக்காரியைப் பார்த்துக் கண்ணடித்தாள். "ஃபாரின் போயி மூக்க அங்கியே வெச்சிட்டு வந்துட்டாங்க போல." எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவியும் சிரித்தாள். என்னால் சிரிக்க முடியவில்லை. மூன்று வாரத்துக்கு முன்பே அது என் நாட்குறிப்பில் இருந்தது.

விடுதியின் மொட்டைமாடியில் கிறிஸ்துமஸுக்கு முன் ஒரு சிறிய ஒயின் கூடம் திறக்க மதாம் முடிவு செய்திருந்தார். சின்னச் சின்னத் தட்டுகளில் நம்மூர் மீனும் காயும், ஒவ்வொன்றுக்கும் பொருத்தமான ஒயின். எதற்கு எது என்று தேர்ந்தெடுப்பது முழுக்க என் மனைவியின் பொறுப்பு. மதாம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில்தான் அவள் ஒயினை மோந்து பிரிக்கக் கற்றிருந்தாள். அப்படிச் சாப்பிடும் ஊரை ஒரு தடவை பார்த்துவிட்டு வரட்டும் என்று, இருபது வருட உழைப்புக்குப் பரிசாக எங்கள் இருவரையும் மதாம் ஸ்பெயினில் உள்ள செவில்யாவுக்கு அனுப்பினார். "வேலைன்னு நெனைக்காதம்மா, வக்கான்ஸ்னு நெனச்சுக்கோ" என்றார். விடுமுறைக்கு அவர் வாயில் எப்போதும் அந்தப் பிரெஞ்சுச் சொல்தான். திருமணத்துக்குப் பிறகு நாங்கள் இருவர் மட்டும் போன முதல் வெளியூர் அது.

அக்டோபரில் அங்கே காலை எட்டு மணி தாண்டித்தான் விடிகிறது. நான் வழக்கம்போல முன்னதாகவே எழுந்து, இருட்டு ஜன்னலுக்கு முன்னால் உட்கார்ந்து முந்தைய நாள் சாப்பிட்டதையெல்லாம் எழுதினேன். தெருவோரம் முழுக்க ஆரஞ்சு மரங்கள், காய்கள் இன்னும் பச்சையாக. ஆற்றுப் பாலத்தருகே காகிதத்தில் சுற்றித் தந்த நெத்திலி வறுவலைத் தின்றுகொண்டே நடந்தோம். முதல் நாள் திங்கட்கிழமை. வெளிறிய மஞ்சள் நிறத்தில் ஒரு ஒயின். மதாம் வீட்டில் அவள் பல தடவை குடித்ததுதான். "எழுதிக்கோங்க" என்றாள். "பச்சை ஆப்பிள், ஈரச் சுண்ணாம்பு, தோல் உரிச்ச பாதாம்." எழுதிக்கொண்டேன். சாப்பாட்டைப் பற்றி அவள் அந்த வாரம் சொன்னதெல்லாம் உப்பு, காரம், புளிப்பு, மொறுமொறுப்பு, சூடு. இவற்றுக்கு நாக்கும் பல்லும் போதும். எழுதும்போது அது எனக்கு உறைக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை ஒரு பழைய சாப்பாட்டுக் கடைக்குப் போனோம். கதவைத் திறந்ததுமே எனக்குச் சீரக வாசனை வந்தது. எங்கள் வீட்டில் ரசம் தாளிக்கும் நேரம் போல இருந்தது. மண் சட்டியில் கீரையும் கொண்டைக்கடலையும் மசித்து வைத்தார்கள். அவள் ஒரு வாய் எடுத்துக்கொண்டு, "இதுல இன்னா மசாலா போட்டிருப்பாங்க?" என்று கேட்டாள். என்னைச் சோதிக்கிறாள் என்று நினைத்தேன். சீரகம் என்றேன். கரண்டியைச் சட்டியிலேயே ஒரு கணம் நிறுத்தினாள். "தெரியுது, தெரியுது. நீங்க கண்டுபிடிக்கிறீங்களான்னு பாத்தேன்." அன்றைய பக்கத்தில், "நான் சரியாகச் சொன்னேன்" என்று எழுதி அடிக்கோடும் போட்டிருக்கிறேன். அந்தக் கோட்டை இப்போது பார்க்கக் கூசுகிறது.

வியாழக்கிழமை ஒயின் கிடங்கு ஒன்றைப் பார்க்கப் போனோம். உயரமான கூரை, ஈரத் தரை, மூன்றடுக்காகக் கறுத்த பீப்பாய்கள். சுற்றிக்காட்டியவர் வயதான மனிதர், பொறுமைசாலி. அவள் சமையற்காரி என்று தெரிந்ததும் அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. உள்ளே இருப்பதன் நிறம் தெரியாத கறுப்புக் கண்ணாடிக் கோப்பையில் கொஞ்சம் ஊற்றி நீட்டினார். அவள் கண்ணை மூடி நீண்ட நேரம் மோந்தாள். ஒரு வாய் குடித்தாள். "எழுதிக்கோங்க. பச்சை ஆப்பிள், ஈரச் சுண்ணாம்பு, தோல் உரிச்ச பாதாம்." எழுதினேன். எழுதிய கை தானாகவே மூன்று பக்கம் பின்னால் புரட்டியது. திங்கட்கிழமை சொன்ன அதே மூன்று, அதே வரிசை.

பெரியவர் கோப்பையை என்னிடம் தந்தார். எனக்கு ஒயின் தெரியாது. ஆனால் அதிலிருந்து வெல்லப்பாகு கருகும் வாசனையும் பழைய மரப்பெட்டியைத் திறந்த வாசனையும் வந்தன. அவர் அதைச் சாதாரணக் கோப்பையில் ஊற்றிக் காட்டினார். டிகாக்ஷன் நிறம். இதில் எல்லோரும் ஏமாந்துபோவார்கள் என்று சொல்லிச் சிரித்து, அந்தக் கறுப்புக் கோப்பையைக் காகிதத்தில் சுற்றி அவளுக்கே பரிசாகக் கொடுத்தார். திரும்பி வரும்போது பாலத்தின் மேல் அவள் பொட்டலத்தை இடது கையில் அணைத்துப் பிடித்திருந்தாள். வலது கை ஸ்வெட்டர் பைக்குள் இருந்தது. அன்று அவ்வளவு குளிரில்லை. நான் நேரத்தைப் பார்த்தேன்: ஒன்று இருபது. அதை எழுதினேன். அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை.

கேட்காததற்குக் காரணம் அவள் அப்பா. மில் தொழிலாளியாக இருந்தவர். ஒருநாள் கருவாட்டுக் குழம்பைத் தட்டில் ஊற்றிய பிறகு, "இன்னிக்கு இன்னா சாம்பாரா?" என்று கேட்டார். நாங்கள் கேலி செய்தோம். இரண்டு வருடம் கழித்து அவருடைய வலது கை நடுங்கத் தொடங்கியது. பிறகு சட்டைப் பொத்தான், பிறகு நடை, பிறகு பேச்சு. கடைசி நான்கு வருடம் அவருக்கு ஊட்டியது இவள்தான். எது முதலில் போகும், எது அடுத்து என்கிற வரிசை அவளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும், ஏனென்றால் அதையும் நான் எழுதி வைத்திருக்கிறேன்.

நவம்பர் நான்காம் தேதி மாலை ஏழு மணிக்கு அவளே பேச்சை எடுத்தாள்.

"நீங்க எழுதி வெச்சிருக்கீங்க இல்ல?"

"எத?"

"நடிக்காதீங்க. உங்க நோட்டுல இல்லாதது எது? படிங்க."

திங்கள், செவ்வாய், வியாழன் மூன்று பக்கத்தையும் படித்தேன். அடிக்கோடு போட்ட வரியையும் விடவில்லை. கீரை ஆய்ந்துகொண்டே கேட்டு முடித்துவிட்டுச் சொன்னாள்.

"ஆடி மாசம் காய்ச்சல் வந்திச்சே, அப்பலேர்ந்து. வந்துடும் வந்துடும்னு இருந்தேன்."

"காய்ச்சல்லதான போச்சு? அப்படிப் போறது உண்டுன்னு சொல்றாங்களே. மதாமுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா கூடத்த வேற யாருகிட்டயாவது குடுத்துடுவாங்க. அப்புறம் எங்கிட்ட கை மட்டும்தான் இருக்கும்..."

கை என்ற சொல் வந்ததும் நிறுத்திக்கொண்டாள். அவள் அப்பாவைப் பற்றி இருவரும் பேசவில்லை. டாக்டரிடம் போகலாம் என்றேன். கூடம் திறந்த பிறகு என்றாள்.

"அதுவரைக்கும் நீங்க மோந்து சொல்லுங்க, நான் சமைக்கிறேன்."

"எனக்கு இன்னா தெரியும்? வெந்தயத்துக்கும் கடுகுக்கும் வாசனை வித்தியாசம் தெரியாதவன்."

"முப்பது வருஷமா வானத்த பாத்து எழுதுறீங்க. மூக்க வெச்சு ஒரு வரி எழுத வராதா?" என்று சொல்லி அவள் சிரித்தாள். காலையில் மீன்காரம்மாவின் எதிரில் சிரித்த அதே சிரிப்பு.

கூடம் திறந்து இப்போது சில மாதங்கள் ஆகின்றன. விருந்தாளிகள் மெச்சுகிறார்கள். மதாம் அவளைப் பக்கத்தில் நிறுத்தி மூக்கைப் பற்றிய அதே வாசகத்தைச் சொல்கிறார். கனகசெட்டிக்குளத்தில் செவுளைத் தூக்குவது அவள், கூடையைப் பிடிக்கிற சாக்கில் குனிந்து மோப்பது நான். நான் தலையசைத்தால் எடுப்பாள். டாக்டரிடம் போகும் நாள் மூன்று தடவை தள்ளிப்போய்விட்டது. ஒவ்வொரு தடவையும் தேதியை அடித்துவிட்டுப் புதுத் தேதி எழுதுகிறேன். கறுப்புக் கோப்பை அதே தட்டில் இருக்கிறது. இப்போதெல்லாம் அதை அவள் எடுப்பதில்லை, என்னைத்தான் எடுத்துத் தரச் சொல்கிறாள்.

முதல் தடவை அதை எடுத்தது அவள்தான். நவம்பர் 5, புதன்கிழமை. நாலே முக்காலுக்கு எழுந்தேன். பால் பாக்கெட் எடுக்கப் போகும் முன் சமையலறையிலிருந்து கூப்பிட்டாள். கறுப்புக் கோப்பையை வலது கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். "கண்ண மூடிக்கிட்டு சொல்லுங்க." மூடினேன். கோப்பையை மூக்கருகே கொண்டுவந்தாள்.

"சீரகம்."

"வறுத்ததா, பச்சையா?"

"பச்சை."

"பரவால்ல, பொழச்சுக்குவீங்க."

நாட்குறிப்பில் அன்றைய முதல் வரி: 4.50, சீரகம், பச்சை, சரி. ஆனால் கண்ணை மூடி நின்றபோது, வாசனை வருவதற்கு முன்பே, கோப்பைக்குள் ஏதோ சிறு விதைகள் இருப்பது எனக்குத் தெரிந்துவிட்டது. அவள் வேண்டுமென்று கோப்பையை அசைக்கவில்லை. இருந்தும் உள்ளே சீரகம் மெல்லச் சலசலத்துக்கொண்டே இருந்தது. அதை நான் எழுதவில்லை.